பால் பாக்கெட் வராத ஒரு நாள்

அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணை இருக்கிறது. ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பால் வண்டிகள் புறப்பட்டுவிடும். கதவில் மாட்டிய பைக்குள் பாக்கெட் விழுந்த பிறகுதான் ஆவடியிலும் பட்டாபிராமிலும் பூந்தமல்லியிலும் பல வீடுகளில் பொழுதே விடிகிறது.

நாளை ஒரு நாள் அந்தப் பாக்கெட் வராது என்று வைத்துக்கொள்வோம். பால் மட்டுமல்ல, தயிர், மோர், நெய், பனீர், முட்டை, மீன், இறைச்சி, தேன் எதுவும் அடுப்படிக்குள் வரக்கூடாது. செடியும் கொடியும் மரமும் தருவதை வைத்தே மூன்று வேளையும் சமைக்க வேண்டும். இப்படிச் சாப்பிடுவதை நனிசைவம் என்கிறார்கள். வீகன் என்ற பெயரும் உங்கள் காதில் விழுந்திருக்கும். விலங்குகள் மீது உள்ள அன்பினால் சிலர் இப்படிச் சாப்பிடுகிறார்கள். சிலருக்குப் பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. காரணம் எதுவானாலும் நமக்கு இன்று வேண்டியது அதற்குள் இருக்கும் அறிவியல்.

முதலில், சாப்பிட என்ன மிஞ்சும் என்று பார்ப்போம். இட்லி, தோசை, அடை, இடியாப்பம், புட்டு. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய், கீரைக் கடைசல், வாழைப்பூப் பொரியல், கொத்தவரங்காய்ப் பருப்பு உசிலி. தேங்காய்ச் சட்னி, தக்காளித் தொக்கு, பிரண்டைத் துவையல், எலுமிச்சை சாதம், புளியோதரை. சுண்டல், கொழுக்கட்டை, கடலை மிட்டாய். இவை எதிலும் பால் சேர்க்கவே தேவையில்லை. மேலே ஊற்றும் நெய்யை விட்டால் போதும். காபி, தயிர்ச் சோறு, மோர்க்குழம்பு, பால் பாயசம் இவைதான் நாளைக்குக் கிடையாது. ஆகவே சமைப்பது பெரிய சிரமமே இல்லை. இந்தச் சாப்பாட்டில் உடம்புக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

காலையில் இட்லி. தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். இந்தத் தட்டிலிருந்தே தொடங்கலாம்.

நீங்கள் வளர்வதற்குப் புரதம் வேண்டும். அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்தால் கிடைக்கும் நீண்ட சங்கிலிதான் புரதம். நம் உடல் 20 வகை அமினோ அமிலங்களைப் பயன்படுத்துகிறது. அவற்றில் 9 வகையை உடலால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டிலிருந்தே வர வேண்டும். அந்த ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் என்ன ஆகும் தெரியுமா? ‘தமிழ்’ என்று எழுத மூன்று எழுத்து வேண்டும். உங்களிடம் ‘த’வும் ‘மி’யும் கூடை கூடையாகக் கிடக்கின்றன, ‘ழ்’ மட்டும் பத்துதான் இருக்கிறது என்றால், பத்துமுறைக்கு மேல் அந்தச் சொல்லை எழுத முடியாது. மிஞ்சிய ‘த’வும் ‘மி’யும் சும்மா கிடக்க வேண்டியதுதான். புரதமும் அப்படித்தான்.

அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் லைசின் தாராளம். ஆனால் மெத்தியோனின் குறைவு. அரிசியில் மெத்தியோனின் போதிய அளவு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடும். இட்லி மாவில் அரிசியும் உளுந்தும் சேர்ந்தே இருக்கின்றன. மிளகாய்ப் பொடியில் கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு ஆகியவற்றோடு எள்ளும் இருக்கிறது. எள் மெத்தியோனின் நிறைந்த விதை. என்னைக் கேட்டால், நம் ஊர்ச் சமையலறையில் மிகக் கெட்டிக்காரத்தனமான கண்டுபிடிப்பு இட்லிப் பொடிதான். அமினோ அமிலம் என்ற பெயரைக் கேட்டே இராத ஒரு பாட்டி அதை முதலில் வறுத்து அரைத்திருப்பார்.

ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. தானியமும் பருப்பும் 3-க்கு 1 என்ற அளவில் சேர்ந்தால் நல்ல தரமான புரதம் கிடைக்கும் என்று அது சொல்கிறது. உங்கள் வீட்டில் இட்லிக்கு ஊற வைக்கும்போது எத்தனை டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் உளுந்து என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கு ஒன்று அல்லது நான்குக்கு ஒன்று என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இன்னொரு செய்தி: அரிசியையும் பருப்பையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே நாளுக்குள் வெவ்வேறு வேளைகளில் சாப்பிட்டாலும் உடல் சேர்த்துக்கொள்ளும்.

இனி மாவைக் கவனிப்போம். அரைத்த மாவை இரவு மூடி வைக்கிறோம். காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொடுகிறது. மேலும் மாவு போட்டது யார்? யாரும் இல்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருந்த பாக்டீரியாக்கள் ராத்திரி முழுக்க வேலை செய்திருக்கின்றன. அவற்றில் முக்கியமானது லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ். பெயர் நாக்கைச் சுளுக்கும், வேலை எளிமையானது. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. அமிலத்தால் புளிப்பு வருகிறது. வாயுவால் மாவு பொங்குகிறது.

வாயு குமிழியாக வந்தால் மேலே போய் வெடித்துப் போகவேண்டியதுதானே, ஏன் மாவுக்குள்ளேயே தங்குகிறது? அங்கேதான் உளுந்தின் பங்கு. அரைத்த உளுந்தை விரலால் தொட்டால் வழுவழுவென்று இழுபடும் அல்லவா? அந்தக் கொழகொழப்பும் உளுந்தின் புரதமும் ஒவ்வொரு குமிழியையும் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. இட்லிப் பானையில் ஆவி ஏறும்போது குமிழிகள் விரிகின்றன. சுற்றியுள்ள மாவு வெந்து அப்படியே இறுகிவிடுகிறது. இட்லியைப் பிட்டால் தெரியும் ஓட்டைகள் எல்லாம் அந்தக் குமிழிகள் இருந்த இடங்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே அளவான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் புதிதாக அரைத்த மாவைப் பாதிவரை ஊற்றுங்கள். மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். ஒன்றை ஃப்ரிட்ஜில் வையுங்கள், இன்னொன்றை அடுப்படி மேடையில். மணிக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்து வாருங்கள். ஆவடி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் ஒருமுறையும், மார்கழிக் குளிரில் ஒருமுறையும் இதைச் செய்து இரண்டு குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாக்டீரியாவுக்கு வெப்பம் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். ஃப்ரிட்ஜ் செய்யும் வேலையும் புரியும்: அது பாக்டீரியாவைக் கொல்வதில்லை, மந்தமாக்குகிறது.

புளிக்க வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தானியத்திலும் பருப்பிலும் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அது இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களை இறுகப் பிடித்துக்கொண்டு உடலுக்குள் போகவிடாது. ஊற வைத்தாலும், முளை கட்டினாலும், புளிக்க வைத்தாலும் அந்தப் பிடி தளரும். பால், முட்டை, இறைச்சி இல்லாமல் சாப்பிடுகிறவர்களுக்கு இது மிகவும் உதவும்.

மதியச் சோற்றுக்கு வருவோம். அரிசியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அம்பத்தூரிலிருந்து வடக்கே போனால் செங்குன்றம். அங்கே அரிசி ஆலைகள் நிறைய உண்டு. புழுங்கல் அரிசிக்கு நெல்லை உமியோடு ஊற வைத்து, ஆவியில் வேக வைத்து, காய வைத்த பிறகுதான் அரைப்பார்கள். அந்த வாசனை தனி. நெல்லை அப்படியே காய வைத்து அரைத்தால் பச்சரிசி. ‘எதற்கு இத்தனை வேலை? நேராக அரைத்தால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பின்னால் உயிர் காத்த ஒரு கதை இருக்கிறது.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பெரிபெரி என்ற நோய் ஏராளமானவர்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். மலாயாவில் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனர்களை அது வாட்டியது. அதே மலாயாவில் தோட்டங்களில் வேலை பார்க்க நம் ஊர்களிலிருந்து போன தமிழர்களும் இருந்தார்கள். அவர்களும் ஏழைகள்தான், அவர்களுக்கும் சோறுதான் சாப்பாடு. ஆனால் அவர்களைப் பெரிபெரி அவ்வளவாக அண்டவில்லை. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. வித்தியாசம் அரிசியில்தான் என்று 1907-இல் அவர் ஒரு புத்தகமே எழுதினார்.

ஏறத்தாழ அதே காலத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற இன்னொரு மருத்துவர் கோலாலம்பூரில் ஒரு மனநல மருத்துவமனையில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசிச் சோறும் இன்னொரு பிரிவுக்குப் புழுங்கல் சோறும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பலருக்கு நோய் வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் அப்படி ஆகவில்லை. இன்றைக்கு இப்படி ஒரு சோதனையைச் செய்ய எந்த நாடும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நாம் இன்று தெரிந்துகொள்ளும் ஒரு செய்திக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

பிராடன் கவனித்தது சரி. காரணம் சொன்னதில் தவறிவிட்டார். பச்சரிசியில் ஏதோ நஞ்சு உருவாகிறது என்று நினைத்தார். அரிசியைத் தீட்டும்போது ஏதோ ஒரு பொருள் தவிட்டோடு போய்விடுகிறது, அது இல்லாததால்தான் நோய் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவானது. அந்தப் பொருளுக்கு இன்று தயமின் அல்லது வைட்டமின் பி1 என்று பெயர். நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. வேகும்போது மாவுச்சத்து இறுகி, அதை உள்ளேயே பூட்டிவிடுகிறது. பிறகு தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் நல்ல பங்கு அரிசியிலேயே தங்கிவிடும்.

செங்குன்றம் வழியாகப் போகும் பெருஞ்சாலையில் இன்னும் வடக்கே போனால் நெல்லூர். 1886-இல் அங்கே பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர்தான் தயமினின் அமைப்பைக் கண்டறிந்து, 1936-இல் அதைச் சோதனைச்சாலையில் செய்தும் காட்டினார். தொலைபேசி ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, மிஞ்சிய நேரத்தில் பல ஆண்டுகள் இதற்காக உழைத்தார்.

நம் மாநிலத்திலும் பெரிபெரியை ஆராய ஓர் இடம் இருந்தது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓர் அறை வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. ஆம், 3-க்கு 1 என்று சொன்ன அதே நிறுவனம்.

தயமின் நீரில் கரைவது. ஆகவே அரிசியைத் தேவைக்கு மேல் கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் அதில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போய்விடும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அது நல்ல வழக்கம்.

சோற்றுக்கு அடுத்தது கீரை. தெருவில் கூவி வரும் கீரைக்காரம்மாவின் கூடையில் முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி என்று ஒவ்வொரு நாளும் ஒன்று கிடைக்கும். இவற்றில் ஃபோலேட் என்ற வைட்டமின் உண்டு. புதிய ரத்த அணுக்கள் உருவாக அது கட்டாயம் தேவை. இதைத் தேடிய கதையிலும் சென்னை வருகிறது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் கர்ப்பிணிப் பெண்கள் பலர் ஒருவகை ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அது ஏன் என்று தேடிய அவர் குன்னூரிலும் வேலை பார்த்தார், 1931-இல் சென்னையில் கோஷா மருத்துவமனையிலும் வேலை பார்த்தார். இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான் அது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் குணமாவதை அவர் கண்டுபிடித்தார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலேட். பின்னாளில் 1940களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்த அமெரிக்கக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர்.

ஃபோலேட்டும் நீரில் கரையும், அதிக சூட்டில் சிதையும். கீரையை வெகுநேரம் கொதிக்க வைத்துத் தண்ணீரை இறுத்துக் கொட்டினால், கீரையின் பெயர்தான் மிஞ்சும். கொஞ்சம் தண்ணீரில் சீக்கிரம் வேக வைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்துக் கடைவதே நல்லது.

கீரையிலும் பருப்பிலும் இரும்பும் இருக்கிறது. ஆனால் செடிகளில் உள்ள இரும்பு உடலுக்குள் எளிதில் போகாது. வைட்டமின் சி பக்கத்தில் இருந்தால் போகும். அது இரும்பைக் கரையக்கூடிய வடிவத்திலேயே வைத்திருக்கும். சாயங்காலச் சுண்டலுக்கு இதனால்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். மெரினாவில் ‘தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்’ என்று கூவி விற்பார்களே, அதில் பட்டாணி இரும்பைத் தருகிறது, மாங்காய் வைட்டமின் சி-யைத் தருகிறது. வீட்டில் மாங்காய் இல்லையா? அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சூட்டில் வைட்டமின் சி அழிந்துவிடும் என்பதால்தான் அடுப்பை அணைக்கச் சொல்கிறேன். சுண்டலோடு டீ குடித்தால் டீயில் உள்ள பொருட்கள் இரும்பைத் தடுக்கும். டீயைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். வைட்டமின் சி கிடைக்க இன்னொரு வழியும் உண்டு. பச்சைப்பயறு காய்ந்த நிலையில் இருக்கும்போது அதில் வைட்டமின் சி அனேகமாகக் கிடையாது. ஈரத்துணியில் கட்டி முளை விட்டதும் அதுவே வைட்டமின் சி-யை உண்டாக்கிக்கொள்கிறது.

கால்சியத்துக்குப் பால்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எள்ளில் அதைவிடப் பல மடங்கு. அத்தனையும் உடலில் சேராது என்பது உண்மைதான். ஆனாலும் கேழ்வரகு அடை, எள்ளுருண்டை, அகத்திக்கீரை என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் கணிசமாகச் சேரும். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழும் கேழ்வரகுதான்.

இப்போது பாலுக்கு மாற்று. பால் ஏன் வெள்ளையாக இருக்கிறது? நீரில் கரையாத நுண்ணிய கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் அதில் மிதக்கின்றன. அவை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. தேங்காய்ப் பாலிலும் அதேதான் நடக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதவை. ஆனால் தேங்காயின் புரதம் ஒவ்வோர் எண்ணெய்த் துளியையும் சுற்றி நின்று அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் காக்கிறது. பாயசத்தில் தேங்காய்ப் பாலை ஊற்றிய பிறகு கொதிக்க விடக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். கொதித்தால் அந்தப் புரதம் உருக்குலைந்து, எண்ணெய்த் துளிகள் ஒன்று சேர்ந்து, பால் திரிந்ததுபோல் ஆகிவிடும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்குவது அதனால்தான். ஆனால் ஒன்று: தேங்காய்ப் பாலில் சுவையும் கொழுப்பும் உண்டு, புரதம் குறைவு. பசும்பாலின் சத்துக்கு ஈடு என்று எண்ணிவிடாதீர்கள்.

புரதம் வேண்டுமானால் நிலக்கடலை இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் விளையும் பயிர்தான். காந்தியடிகள் பாலை விட்டுவிட வேண்டும் என்று பல ஆண்டுகள் முயன்றார். கடும் நோய்க்குப் பிறகு வேறு வழியின்றி ஆட்டுப்பால் குடித்தார். பாலுக்கு ஈடான ஒரு தாவர உணவைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி மருத்துவர்களை அவர் கேட்டதுண்டு. 1950-இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியனும் அவருடைய குழுவினரும் நிலக்கடலையிலிருந்து பால் எடுத்தார்கள். நிலக்கடலை மாவையும் கடலைமாவையும் கலந்து சத்துமாவும் செய்தார்கள்.

நிலக்கடலைப் பாலையும் அதிலிருந்து தயிரையும் நீங்கள் வீட்டில் பெரியவர்களோடு சேர்ந்து செய்யலாம். ஊற வைத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையை அரைத்து வடிகட்டி, காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விட வேண்டும். அதில் காம்போடு இரண்டு பச்சை மிளகாயைப் போட்டு மூடி வைத்தால் பல மணி நேரத்தில் தயிர்போல உறையும். மிளகாய்க் காம்பில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை அமிலத்தை உண்டாக்கும். அமிலம் கூடக்கூட நிலக்கடலைப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கெட்டியாகும். வாடை கெட்டிருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ சாப்பிடாமல் கொட்டிவிடுங்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இதைத் தொடவே வேண்டாம். தயிர்ச் சோறு இல்லாமல் சாப்பாடு முடியாது என்பவர்களுக்கு இந்தத் தயிர் நாளைக்குக் கைகொடுக்கும்.

ராத்திரிக்கு மீல்மேக்கர் குழம்பும் தோசையும் வைத்துக்கொள்ளலாம். மீல்மேக்கர் என்பது எண்ணெய் எடுத்த சோயா மாவு. காய்ந்த நிலையில் அதில் பாதியளவு புரதம்தான்.

இதுவரை எல்லாக் கேள்விக்கும் அடுப்படியிலேயே பதில் கிடைத்தது. ஒன்றுக்கு மட்டும் கிடைக்காது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வைட்டமின் பி12. ரத்தம் உருவாகவும் நரம்புகள் சரியாக வேலை செய்யவும் இது தேவை. இதை எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியாவும் அதன் தூரத்து உறவான சில நுண்ணுயிரிகளும் மட்டுமே செய்கின்றன. மாட்டின் வயிற்றில் வாழும் பாக்டீரியா செய்த பி12 பாலில் வருகிறது. பால், முட்டை, மீன், இறைச்சி எதுவும் சாப்பிடாதவர்களுக்கு அது வரும் வழியே அடைபட்டுவிடும். இட்லி மாவு புளிக்கிறதே, அதிலும் பாக்டீரியா உண்டே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் எல்லா பாக்டீரியாவும் பி12 செய்வதில்லை. இட்லியை நம்பி இருந்துவிட முடியாது.

தேவைப்படும் அளவோ மிகமிகக் குறைவு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தேக்கரண்டி அளவு, அதாவது 5 கிராம் பி12 இருந்தால் 25 லட்சம் பேருக்கு ஒரு நாளுக்குப் போதும். 1948-இல் இதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். நடுவில் கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கும் அழகான சிவப்புப் படிகம். அதன் சிக்கலான அமைப்பை எக்ஸ்-கதிர்களால் படம் பிடித்துக் கண்டறிந்த டோரத்தி ஹாட்ஜ்கின் 1964-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் கல்லீரல் பி12-ஐச் சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒரு நாளோ ஒரு மாதமோ பால் இல்லாமல் இருந்தால் எதுவும் ஆகாது. வருடக்கணக்கில் இருந்தால்தான் குறை தெரியும். தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது நனிசைவத்துக்கு மாறினால், மருத்துவரிடம் கேட்டு பி12 மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த மாத்திரைக்கான பி12-ஐப் பெரிய தொட்டிகளில் பாக்டீரியா வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். நீங்கள் வளரும் பிள்ளைகள். ஒரு நாள் செய்து பார்ப்பது சரி. நிரந்தரமாக மாற விரும்பினால் வீட்டுப் பெரியவர்களும் மருத்துவரும் கூட இருக்க வேண்டும்.

கடையில் பொருள் வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். ஆனால் பாலும் நெய்யும் தேனும் சேர்ந்ததற்கும் அதே பச்சைப் புள்ளிதான். பல பிஸ்கெட்டுகளில் பால் பவுடர் இருக்கும். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி நனிசைவப் பொருளுக்குத் தனி முத்திரை உண்டு: பச்சை நிற ‘வி’ எழுத்து, அதில் துளிர்க்கும் சிறு இலை. சத்து சேர்த்த உணவுக்கு ‘எஃப்’ எழுத்தும் கூட்டல் குறியும் உள்ள நீல நிற முத்திரை இருக்கும்.

சில ஆண்டுகளாக ரேஷன் கடை அரிசியில் செறிவூட்டப்பட்ட அரிசி கலந்து தரப்பட்டு வந்திருக்கிறது. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவிலேயே பிழிந்து, 100 அரிசிக்கு 1 என்ற அளவில் கலப்பார்கள். ஒரு கிலோவில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் பி12. ஒருவர் ஒரு நாளில் 200 கிராம் அரிசி சாப்பிட்டால் தேவையில் பத்தில் ஒரு பங்குதான் அதிலிருந்து வரும். ஆகவே நனிசைவர்களுக்கு அது மட்டும் போதாது. ஆனாலும் வருவதை விடுவானேன்? அந்த மணிகள் கொஞ்சம் வேறு நிறத்தில் இருக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பயந்து அவற்றைப் பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும், இரும்பு சேர்ந்திருப்பதால், மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் அரிசியைப் புடைக்கும்போது அந்த மணிகள் தென்பட்டால், அவை என்ன என்று பாட்டிக்கு எடுத்துச் சொல்லி, மற்ற அரிசியோடு சேர்த்தே உலையில் போடச் சொல்லுங்கள்.